கொழும்பில் பாகுபாட்டை எதிர்கொள்வது எப்படி: ‘சரி, விடு’ என்று சொல்லாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

2011இல் 101 பஸ்ஸில் என் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஒருவன் இறங்கி ஓடினான். அதற்குள் அடையாள அட்டை, வங்கி அட்டை, அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாம் இருந்தன. பொலிஸ் நிலையத்துக்கு என்ட்ரி (முறைப்பாட்டுப் பதிவு) போடப் போனேன். தமிழும் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் கலந்து நடந்ததைச் சொன்னேன். மேசையில் இருந்தவர் சிங்களத்தில் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். ஒப்பமிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து வங்கியில் ஒருவர் அதை வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, பை ‘தவறிவிட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். பறித்ததாக ஒரு சொல் இல்லை. அதற்குள் என் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. என் ஒப்பமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

“சரி, விடு பிள்ளை” என்றார் அம்மா. 1983 ஜூலைக் கலவரத்தை வெள்ளவத்தையில் கண்டவர் அவர். பின்வளவால் எங்களை இழுத்துக்கொண்டு போய் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது ஒரு சிங்களக் குடும்பம். வாய் திறக்காமல் இருந்தவர்கள் தப்பினார்கள் என்பது அம்மாவின் அனுபவம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு விட மனம் வரவில்லை. அந்த என்ட்ரியைத் திருத்த அலைந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்றுவரை தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இது அப்படிச் சேர்ந்த அனுபவம். நான் சட்டத்தரணி இல்லை. எங்கே சட்டத்தரணி வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: செய்தது யார் என்று முதலில் பாருங்கள்

கோபம் தலைக்கேறி நிற்கும்போது எல்லாமே ஒரே அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் தட்ட வேண்டிய கதவு ஒன்றல்ல. அதனால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, நடந்தது என்ன? ஒருவர் மனதில் நம்மைப் பற்றித் தப்பெண்ணம் வைத்திருக்கிறார், முகத்தைச் சுளிக்கிறார் என்றால் அதற்கு எந்தச் சட்டத்திலும் மருந்து இல்லை. அந்தத் தப்பெண்ணத்தால் நமக்குக் கிடைக்க வேண்டியதைத் தராமல் விட்டால் அது பாகுபாடு. நம்மை வெறுக்கவும் அடிக்கவும் மற்றவர்களை ஏவினால் அது வெறுப்பைத் தூண்டுதல், குற்றம்.

இரண்டாவது கேள்வி, செய்தது அரசா, தனியாரா? இதுதான் பெரிய கேள்வி. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கடை, பொது உணவகம், ஹோட்டல், களியாட்ட இடம், சொந்த மதத்தின் வழிபாட்டுத் தலம் ஆகியவற்றுக்குள் போக விடாமல் தடுக்கவும் கூடாது என்று அதே உறுப்புரையின் மூன்றாவது பந்தி சொல்கிறது. இந்த மூன்றாவது பந்தியைக் கேள்விப்படாதவர்கள் ஏராளம். கோயிலில் சாதி பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று நேரே உயர் நீதிமன்றம் போகும் வழி, அரசோ அரச அதிகாரியோ செய்த காரியத்துக்குத்தான் திறந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரையும் தனியார் கம்பனியையும் அந்த வழியில் பிடிக்க முடியாது. அதற்கென்று முழுமையான ஒரு சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. இது பெரிய ஓட்டை, இதை மூடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். தனியார் ஒருவர் செய்த அநியாயத்தைச் சொல்லப் போகும்போது பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால், அந்த மறுப்பு அரசின் காரியம்.

படி 2: அன்றைக்கே எழுதுங்கள்

நாளைக்கு என்று வைக்காதீர்கள். என்னிடம் மனு எழுத வருபவர்களில் பாதிப் பேர் “போன மாசம் நடுவில”, “ஒரு ஆபிசர்” என்றுதான் தொடங்குவார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

திகதி, நேரம், இடம், எத்தனையாவது கவுண்டர். அதிகாரியின் சட்டையில் பெயர்ப்பட்டி இருந்தால் பெயர், பொலிஸ் என்றால் இலக்கம். அவர் சொன்ன வார்த்தை, அவர் சொன்ன மொழியிலேயே. சிங்களத்தில் திட்டினால் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள். ‘தரக்குறைவாகப் பேசினார்’ என்று எழுதினால் விசாரிப்பவருக்கு அதில் பிடிக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றவரிடம் போன் நம்பர் கேளுங்கள். பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு பேர் தருவார்கள், அது போதும். காட்சிக்கு வைத்த அறிவித்தல், கொடுத்த படிவம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். பொலிஸ் நிலையத்துக்குள் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், அங்கே அது வேறு பிரச்சினையைக் கொண்டுவரும்.

எழுதியதை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். திகதியும் நேரமும் அதில் தானாக விழுந்துவிடும்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் போட உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். மனம் ஆறட்டும், திருவிழா முடியட்டும், மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நல்ல வழக்குகள் வாசலிலேயே செத்துப்போனதைக் கண்டிருக்கிறேன்.

படி 3: கவுண்டரிலும் பொலிஸ் நிலையத்திலும் தமிழைக் கேட்டு வாங்குங்கள்

கொழும்பில் தமிழ் பேசுகிறவனுக்கு நாளாந்தம் நடக்கும் பாகுபாடு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன்பின் சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று செல்லையா கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞருக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் அரசுக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1964இல் அங்கே வென்றார், 1967இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல் அப்போது நமக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்ற தீர்ப்பை வாங்கினார். மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை, 1972 அரசியலமைப்பு அந்தக் கதவை மூடியது. ஒரு சாதாரண எழுதுவினைஞரின் சின்னச் சம்பள உயர்வுக்காக நடந்த போராட்டம் அது. “இவ்வளவு சின்ன விசயத்துக்கா?” என்று யாராவது என்னிடம் கேட்டால் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்குச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய விதிகளைத் தெளிவாக்கியது. 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் நீங்கள் எந்த அதிகாரியுடனும் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் அலுவல் பார்க்கலாம், எழுதிய மொழியிலேயே பதில் கேட்கலாம். உங்களுக்கென்று தரப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறலாம். கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளும் இருமொழிப் பிரிவுகளாகவே பிரகடனம் செய்யப்பட்டவை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருந்துகொண்டு தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்.

போகும்போதே உங்கள் கடிதத்தைத் தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தபாற்கந்தோருக்குப் போய் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்தத் துண்டு முத்திரைக்குச் சமம்.

“தமிழ் தெரிந்தவர் இன்றைக்கு வரவில்லை” என்பார்கள். “எப்போது வருவார்? அவர் பெயர் என்ன? திகதியை எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல், பிழை கண்டுபிடிக்கும் தொனி இல்லாமல் கேளுங்கள். அந்தக் கவுண்டரில் இருப்பவருக்கும் தமிழ் கற்றுக்கொடுக்க யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். பல தடவை அவரே எழுந்து போய் உள்ளேயிருந்து யாரையாவது கூட்டி வருவார்.

பொலிஸ் நிலையத்தில் ஒன்றே ஒன்று. விளங்காததில் ஒப்பமிடாதீர்கள். நான் செய்த பிழை அதுதான். இந்த இரண்டு வாக்கியங்களையும் பாடமாக்கி வையுங்கள்: “மட்ட சிங்கள கியவன்ன பே, தெமலென் லியலா தென்ன.” எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் எழுதித் தாருங்கள் என்று பொருள். அடுத்தது, “தேரென்னே நெத்தி தேகட்ட அத்சன் கரன்ன பே.” விளங்காததற்கு ஒப்பமிட முடியாது. சிங்களத்திலேயே இதைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் இளகுவதைப் பார்ப்பீர்கள். எழுத ஆள் இல்லை என்றால் உங்கள் வாக்குமூலத்தை நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். அதுவும் நடக்காமல் சிங்களத்தில்தான் எழுதுவார்கள் என்றால், ஒப்பத்துக்கு முன் வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பத்துக்குக் கீழே ‘எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, வாய்மொழியாக விளக்கப்பட்டது’ என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியால் பின்னால் ஒரு தம்பியின் வழக்கே மாறியது.

இவ்வளவு செய்தும் தமிழ் மறுக்கப்பட்டால் ராஜகிரியவில் இருக்கும் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது அது. மொழி உரிமை மறுக்கப்பட்டதை விசாரிப்பது அதன் வேலை. ஒரு கடிதம் போதும், செலவில்லை. ஒரு அலுவலகத்தில் இது திரும்பத் திரும்ப நடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கையில் எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ‘உங்கள் அலுவலகத்தில் தமிழில் சேவை வழங்கக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்? பொதுமக்களுக்கான படிவங்களில் எவை தமிழில் உண்டு?’ என்று இரண்டு கேள்வி கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வி எழுத்தில் போனதுமே தமிழ்ப் படிவம் அச்சாகி வந்த இடங்களைக் கண்டிருக்கிறேன்.

பிழையான தமிழ்ப் பலகைகளையும் விட வேண்டாம். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கென்று ஒதுக்கிய ஆசனத்தின் மேல் ‘தா’ என்ற எழுத்து ‘நா’ ஆகி, தாய் நாயான படம் எத்தனை பேர் போனில் சுற்றியது. சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினோம். வயிற்றில் பிள்ளையோடு அந்த ஆசனத்தில் உட்கார்ந்து அதை வாசித்த ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். படம் எடுத்து, பஸ் இலக்கத்தோடு அதே ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.

படி 4: எங்கே முறையிடுவது

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தலைமை அலுவலகம் கொழும்பு 4இல், ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில். அவசரத் தொலைபேசி 1996, சட்டம் வந்த ஆண்டும் அதுதான் என்பதால் மறக்காது. தமிழில் முறையிடலாம், கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவருக்காக இன்னொருவரும் முறையிடலாம். தடுப்பில் இருப்பவரின் மனைவியோ பக்கத்து வீட்டுக்காரரோ போய்ச் சொன்னாலும் எடுப்பார்கள்.

மனு எழுதப் பயப்பட வேண்டாம். நான் எழுதும் அமைப்பு இவ்வளவுதான்:

‘நான் ……, …… முகவரியில் வசிக்கிறேன். …… திகதி …… மணிக்கு …… அலுவலகத்தின் …… கவுண்டருக்கு …… அலுவலுக்காகச் சென்றேன். அங்கே கடமையில் இருந்த …… என்னிடம் “……” என்று சொன்னார். இதனால் எனக்கு …… கிடைக்காமல் போனது. அப்போது …… உடன் இருந்தார். …… ஆகிய பிரதிகளை இணைத்துள்ளேன். அரசியலமைப்பின் 12ஆம், 22ஆம் உறுப்புரைகளின்படி எனக்குள்ள உரிமை மீறப்பட்டதாகக் கருதுகிறேன். இதை விசாரித்து …… செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

கடைசி வெற்றிடத்தைக் கவனமாக நிரப்புங்கள். ‘நீதி வழங்குங்கள்’ என்று எழுதினால் அவர்களால் என்ன செய்ய முடியும்? ‘எனது முறைப்பாட்டைத் தமிழில் மீண்டும் பதிவுசெய்ய உத்தரவிடுங்கள்’ என்று எழுதுங்கள்.

அந்த ஒரு மாதக் கெடு இங்கே மறுபடி வருகிறது. நடந்து ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றக் கெடுவில் சேராது என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வது மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது, விசாரணை நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். அதனால் விசயம் பாரதூரமானது என்றால் முதல் பத்து நாளுக்குள் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். பணம் இல்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பொலிஸ்காரருக்கு எதிரான முறைப்பாடு என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

இதெல்லாம் வெறும் கடதாசி என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 2007ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி பஸ்களில் ஏற்றியது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று 376 பேர். ‘கொழும்பில் இருக்கக் காரணம் இல்லை’ என்று வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றம் போனது. மறுநாளே நீதிமன்றம் அதை நிறுத்த இடைக்காலத் தடை போட்டது. இரண்டு நாளில் அப்போதைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். போர் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு நாளில் எழுதப்பட்ட மனு அதைச் செய்தது. நாட்டில் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமையை 14ஆம் உறுப்புரை தருகிறது, கொழும்பும் அந்த நாட்டில்தான் இருக்கிறது.

படி 5: வீடு, வேலை

இங்கே சட்டத்தின் கை குறுகியது என்று முன்பே சொன்னேன். போனில் பெயரைக் கேட்டதும் “வீடு போயிட்டுது” என்பார்கள். கொஞ்ச நேரத்தில் வேறு பெயரில் நண்பர் ஒருவர் எடுத்தால் வீடு இருக்கும். மனம் உடையும் அனுபவம் இது. புரோக்கரிடம் முதலிலேயே “எங்கள் பெயர் இது, பிரச்சினை இல்லாத இடம் மட்டும் காட்டுங்கள்” என்று சொன்னால் அலைச்சலும் அவமானமும் குறையும் என்பது பலரின் அனுபவம். ஆனால் காரணத்தை எழுத்தில் தந்தால், மெசேஜில் ‘தமிழருக்கு இல்லை’, ‘முஸ்லிம்களுக்கு இல்லை’ என்று அனுப்பினால், அதைப் பத்திரப்படுத்துங்கள். விளம்பரம் வந்த தளத்துக்கு முறையிடலாம், பலர் முறையிட்டால் விளம்பரம் எடுபடும். வேலையிடத்தில் என்றால் பதவி உயர்வு மறுப்பு, இடமாற்றம் எதற்கும் காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: அடி மற்றவர் மேல் விழும்போது

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அந்தக் குண்டுகளில் செத்தவர்களில் நம் தமிழ்ச் சனம் எத்தனை பேர், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. அதற்கடுத்த மாதம் கொழும்பு முழுக்கச் சந்தேகம் நிறைந்திருந்தது. ஒருநாள் காலி வீதி பஸ்ஸில் அபாயா போட்ட ஒரு பெண் ஏறினார், மடியில் ஒரு பெரிய பை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய் நின்றார். பின்னாலிருந்து ஒரு ஆள் பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கத்தினார். கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பெண்ணின் கை நடுங்கியது. எங்களை அடையாள அட்டை காட்டச் சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிய காலத்தில் அம்மாவின் கை அப்படித்தான் நடுங்கும்.

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “தாத்தா, பம்பலப்பிட்டிக்கா போறீங்க?” என்று கேட்டேன். இங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பதில் சொன்னார், நான் இன்னொன்று கேட்டேன். கத்தியவர் இரண்டு தரம் கத்திவிட்டு அடங்கினார்.

அதிலிருந்து எனக்குத் தெரிந்த முறை இதுதான். கத்துபவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் இருங்கள், சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். தனியாக இல்லை என்று அவருக்கும் பஸ்ஸுக்கும் தெரிந்துவிடும். கண்டக்டரையோ கடைக்காரரையோ நேராகப் பார்த்து “அண்ணா, நீங்க சொல்லுங்கோ” என்று பொறுப்பை அவர் கையில் கொடுங்கள். இறங்கும்போது உங்கள் போன் நம்பரைத் தாருங்கள், முறையிட விரும்பினால் சாட்சிக்கு வருவேன் என்று சொல்லுங்கள். முறையிடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நம் ஆவேசத்துக்காக அவரைப் பொலிஸுக்கு இழுக்கக்கூடாது. கை நீளும் நிலை வந்தால் மட்டும் தாமதிக்காமல் 119.

கூட்டமாகச் செய்வதற்கும் கொழும்பில் ஒரு முன்மாதிரி உண்டு. கொரோனா காலத்தில், 2020இலிருந்து, அந்த நோயில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு பச்சைக் குழந்தையையும் பொரளைக் கனத்தையில் எரித்தார்கள். அடுத்த நாட்களில் அந்த மயானத்து வேலியில் யாரோ வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். இரவோடிரவாக அகற்றினார்கள், மறுபடி கட்டினார்கள். சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர், பௌத்தர் எல்லோரும் வந்து கட்டினார்கள். நானும் ஒரு பழைய வேட்டிக் கரையைக் கிழித்துக் கொண்டுபோய்க் கட்டினேன். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

படி 7: போனில் வரும் வெறுப்பு

வந்ததை வைத்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், ‘பாருங்கோ அநியாயத்தை’ என்று கூட. படம் எடுத்து, அனுப்பிய கணக்கின் விவரத்தோடு வைத்துக்கொண்டு, அந்தத் தளத்திலேயே முறையிடுங்கள். குடும்பக் குழுமத்தில் வந்தால் அனுப்பியவருக்குத் தனியாக எழுதுங்கள். “மாமா, இது பொய்ச் செய்தி, அழிச்சு விடுங்கோ” என்றால் பெரும்பாலும் அழிப்பார். எல்லோர் முன்னும் சொன்னால் ரோசம் வந்துவிடும்.

வன்முறைக்கு அழைப்பு விடுக்கும் பதிவு என்றால் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் என்று சொல்வார்கள். இன, மத வெறுப்பைப் பரப்பிப் பாகுபாட்டுக்கும் வன்முறைக்கும் தூண்டினால் பத்து வருடம் வரை சிறை. ஆனால் இந்தக் கத்தி தப்பான பக்கமும் வெட்டியிருக்கிறது. 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை இதன் கீழ் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அதே வருடம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். அதனால் மனம் புண்பட்டது என்பதற்காக யார் மேலும் இந்தச் சட்டத்தை ஏவாதீர்கள். அடி, கொளுத்து, விரட்டு என்று ஒருவன் ஏவுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

படி 8: நம் வீட்டுக்குள்

இதைக் கடைசியில் வைத்தேனே தவிர, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சிங்களத்தில் நம்மை ஒரு சொல்லால் குத்தினால் கொதிக்கிறோம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் விழும்போது? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது அதை ஆதரித்துக் கை உயர்த்திய தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதும் அதே மனம்தான். வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்யும் பதுளை, ஹட்டன் பிள்ளைகளை ‘டேய்’ என்று கூப்பிட்டுவிட்டு, சிங்கள அதிகாரி நம்மை மரியாதையாகப் பேசவில்லை என்று எப்படி முறையிடுவது? வேலைக்காரிக்குத் தனிக் கோப்பை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதியைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கி எத்தனையோ காலம் ஆயிற்று. கல்யாண விளம்பரங்களைப் பார்த்தால் அந்தச் சட்டம் வந்தது யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

செய்யக்கூடியது சின்னதுதான். அந்தச் சொல் விழும்போது சாப்பாட்டை நிறுத்துங்கள். “அப்பா, அந்தச் சொல் வேண்டாம்” என்று ஒரு வரி சொல்லுங்கள். பிள்ளைகள் இருக்கும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு அனெக்ஸ் இருக்கிறது. 2019 யூன் மாதம் ஒரு இளம் தம்பதி பார்க்க வந்தார்கள், அவர்கள் பெயர் முஸ்லிம் பெயர். அம்மா உள்ளே வந்து மெதுவாகச் சொன்னார்: “சனம் என்ன சொல்லும், இப்ப நிலைமையும் சரியில்லை, வீடு போயிட்டுது எண்டு சொல்லு.” பஸ்ஸில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் நான் வெளியே போய் அப்படியே சொன்னேன். அந்தப் பெண் “பரவாயில்ல அக்கா” என்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. அந்த வாசலில் நின்று நான் சொன்ன பொய்யை எனக்குப் பொலிஸ் நிலையத்தில் நடந்ததோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

அன்றிரவு அம்மாவோடு நெடுநேரம் பேசினேன். 1983இல் எங்களை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்த வீட்டுக்காரரும் ‘சனம் என்ன சொல்லும்’ என்று நினைத்திருந்தால் நாங்கள் எங்கே இருந்திருப்போம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. விடிந்ததும் போனை எடுத்து அந்தத் தம்பதியின் நம்பரைத் தேடச் சொன்னார். அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அனெக்ஸ் காலியான ஒவ்வொரு முறையும் விளம்பரத்தை அம்மாவே சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இரண்டு அறை, தனி வாசல், தண்ணீர் மீற்றர் தனி, மூன்று மாத அட்வான்ஸ். அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை.